செருப்பு மூட்டை

"இன்னிக்கு வேலையை விட்டுட்டுத்தான் வருவேன்" என்று சொல்லிக்கொண்டே பையைத் தோளில் மாட்டினாள் அவள்.

"வேற இடம் பார்த்துட்டு விடேன்" என்றான் கணவன்.

"ஒரு நாள் நீங்க வந்து அந்த இஞ்சிகிட்ட வேலை பாருங்க. அப்புறம் புத்தி சொல்லுங்க."

இஞ்சி என்பது அவள் வேலை பார்க்கும் செருப்புக் கடையின் சூப்பர்வைசர். எந்நேரமும் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முகத்தை வைத்திருப்பதால் கடைப் பெண்கள் வைத்த பெயர்.

அந்தக் கடையில் செருப்பைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு மெத்தை வைத்த பெஞ்சு உண்டு. போட்டுவிடுகிறவர்கள், பில் போடுகிறவர்கள் மட்டும் உட்காரக் கூடாது. கடையில் ஈ ஓட்டுகிற நேரத்திலும் நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். மாடியறையில் முதலாளி கேமராவே கதி என்று இருப்பார். யாராவது சுவரில் சாய்ந்தால்கூட அன்றைய சம்பளம் போச்சு. ஊரார் கால்களுக்கெல்லாம் அளவு பார்த்து அளவு பார்த்து, அவளுக்குக் குதிகால் வலி வந்ததுதான் மிச்சம்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முதலாளியின் புத்தி அப்படி. கூடவே நிற்கிற இஞ்சிக்கு என்ன வந்தது?

வலி தாங்காமல் அவள் லேசாகக் காலை மாற்றி நின்றால் போதும். மூக்கில் வேர்த்தாற்போல் வந்துவிடுவார்.

"ஏம்மா, அங்க என்ன பராக்கு? போ குடோனுக்கு. அந்த மூட்டையை ஜோடி சேர்த்து வை."

கடையே திரும்பிப் பார்க்கும். மானம் போகும்.

குடோன் என்பது பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. விற்காமல் போன பழைய செருப்புகள் ஒரு மூட்டை நிறைய இருக்கும். தூசியில் தும்மிக்கொண்டு, கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து, வலதுக்கு இடது தேடித் தேடிச் சேர்த்து வைப்பாள். மறுநாள் போனால் எல்லாம் கலைந்து கிடக்கும். திரும்ப முதலிலிருந்து. செக்குமாடு சுற்றினாலாவது எண்ணெய் மிஞ்சும்.

யார் கலைக்கிறார்கள் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. பில் போடும் அக்கா சொன்னாள்.

"கடை சாத்தினப்புறம், பையை மறந்துட்டேன்னு திரும்பப் போனேன்டி. நீ சேர்த்து வெச்சதையெல்லாம் அந்த மனுஷனே கொட்டிக் கலக்கிட்டிருக்காரு. என் கண்ணால பார்த்தேன்."

வேலை வாங்கினால் செய்யலாம். செய்ததைக் கலைத்துவிட்டு மறுபடி செய் என்றால், அது என்ன மனுஷ ஜென்மம்?

கடை திறந்ததும் நேரே மாடிக்குப் போனாள்.

"சார், நான் வேலையை விட்டு நின்னுக்கறேன். ஆனா ஏன்னு சொல்லிட்டுத்தான் போவேன்."

முதலாளி டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சொல்லு" என்றார். திரையில் கடை கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தண்ணீர் கேன் வைத்திருந்த மூலைகூடத் தப்பவில்லை.

அவள் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். முதலாளி போனை எடுத்தார். இஞ்சி மூச்சு வாங்க மேலே வந்து நின்றார்.

"என்னய்யா, வேலை நேரத்துல ஆளைக் குடோனுக்கு அனுப்பறியாமே?"

"தண்டனைக்குத்தான் சார். அசந்து நிக்கறவங்களை..."

"அதெல்லாம் இருக்கட்டும்." முதலாளி அப்போதுதான் திரையைவிட்டுத் திரும்பினார். "அங்க நமக்குக் கேமரா இல்லையே. அந்த வேலையை நின்னு செய்யறாங்களா, உக்காந்து செய்யறாங்களா?"

இஞ்சி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அந்த முகத்தில் பயத்தை அவள் அன்றுதான் பார்த்தாள்.

அவள் திரையைப் பார்த்தாள். எந்தக் கட்டத்திலும் குடோன் இல்லை. கால் மாற்றி நின்றபோதெல்லாம்தானே இந்த மனுஷன் கத்தினார்? மூட்டை முழுக்க ஜோடி சேர்ந்துவிட்டால், அப்புறம் என்ன சாக்குச் சொல்லி அவளை அனுப்புவார்?

"கேக்கறேன்ல?" என்றார் முதலாளி.

அவள் முந்திக்கொண்டாள்.

"உக்காரவா? அங்க ஏது சார் இடம்? முட்டி போட்டுத்தான் செய்யணும். தூசி வேற, உயிர் போவுது. அந்தத் தண்டனையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

முதலாளியின் முகம் மலர்ந்தது.

"நிறுத்தறதா? முட்டி தேஞ்சாத்தான் புத்தி வரும். யோவ், இவளை மட்டும் இல்ல, அசந்து நிக்கற எல்லாரையும் அனுப்பு." பிறகு அவளிடம், "நீ என்ன, நிக்கறியா போறியா?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

மாடிப்படியிலும் கேமரா இருந்தது. இறங்கும்போது இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கீழே வந்ததும் இஞ்சி கத்தியது மாடிவரை கேட்டிருக்கும்.

"மேல போய்ப் போட்டுக் குடுக்கறியா? போ குடோனுக்கு!"

அவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாள். கதவைச் சாத்திவிட்டு, பெட்டிமேல் உட்கார்ந்து காலை நீட்டினாள். இந்த முதலாளியிடம் காலம் தள்ள முடியாது. விடத்தான் வேண்டும். ஆனால் வேறு இடம் பார்த்துக்கொண்டு விடலாம், காலையில் வீட்டுக்காரர் சொன்னதும் சரிதான் என்று நினைத்தபடியே மூட்டையைக் கொட்டி ஜோடி சேர்க்க ஆரம்பித்தாள்.

முடித்து எழுந்தபோது வலி குறைந்திருந்தது. கதவைத் திறந்தால், எதிரே பில் போடும் அக்கா காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் மறுபடி உள்ளே போனாள். சேர்த்து வைத்த செருப்புகளையெல்லாம் தன் கையாலேயே கலைத்துப் போட்டுவிட்டு வந்தாள்.