கெண்டைக்காலில் கட்டிய கத்தி

வியான்னி ஸ்கூபா டைவிங்குக்கென்று வாங்கிய கத்தி ஒரு முழ நீளம். அதைக் கெண்டைக்காலில் கட்டிக்கொண்டு படகில் நின்றவன், மனைவி மெர்லின் தன் மார்புப் பட்டையில் தொங்கவிட்டிருந்த கத்தரிக்கோலைப் பார்த்துச் சிரித்தான். ஆஸ்பத்திரியில் அவள் கட்டுப் பிரிக்கிற வகைக் கத்தரிக்கோல் அது. "கடலுக்குள்ள யாருக்கு கட்டு பிரிக்கப் போற, நர்சம்மா?" அவள் முகமூடியை மாட்டிக்கொண்டு நீரில் இறங்கினாள், அவனும் பின்னால் குதித்தான். அடியில், பாறையோரம் யாரோ அறுத்துவிட்ட பழைய நைலான் வலை ஆடிக்கொண்டிருந்தது. அது முதலில் பிடித்தது அவனுடைய கத்தியின் பிடியைத்தான். விடுவிக்கக் குனிந்தான், தோளும் முதுகுச் சிலிண்டரும் சேர்ந்து மாட்டிக்கொண்டன. கத்தி காலிலேயே இருந்தது, கைதான் அங்கே எட்டவில்லை. மெர்லின் உள்ளங்கையைக் காட்டினாள்: அசையாதே. பிறகு வலையைக் கண்ணி கண்ணியாக நறுக்கினாள். கடைசியாகக் கத்தியைக் கட்டியிருந்த வாரையும் நறுக்கினாள். படகில் ஏறி முகமூடியைக் கழற்றிய வியான்னி, வெகுநேரம் வெறுமனே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மூச்சு விடுவது அவ்வளவு நன்றாக இருந்தது. "கத்தி வலையிலயே தொங்குது. போய் எடுத்துட்டு வரவா?" என்றாள். அவன் வலது கையால் தன் மார்பில், அவளுக்குக் கத்தரிக்கோல் தொங்கிய இடத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு இடது கையால். இரண்டுமே எட்டின.