ஒரு மணிக்கு உள்ளே வந்தவன்

அநியாயம் நடந்தது அம்மாவுக்கு. அவள் கணினிக்குள் பத்து மாதமாக ஒருவன் திருட்டுத்தனமாக வந்து போயிருக்கிறான்.

கண்டுபிடித்தது சின்னவள். கல்லூரியில் கணினிப் பாதுகாப்புப் பாடம் கேட்ட சூட்டோடு வீட்டுக் கணினியை அலசினாள். கணினிக்குக் காவல் சுவரான ஃபயர்வாலில் போர்ட் என்கிற வாசலெல்லாம் மூடியிருக்க, ஒன்று மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது. தினமும் மதியம் ஒரு மணிக்கு அந்த வழியாக நுழைந்து, அம்மா டைப் செய்த ஃபைல்களைத் திறந்திருக்கிறது ஒரு கை.

யாரென்று தேடினால், வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன்!

அம்மா வீட்டிலிருந்தே ஒரு மருத்துவமனைக்கு வேலை செய்கிறவள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடிப்பாள். ஊரார் நோயெல்லாம் அதில் இருக்கிறது. அதைக் குடைவதா?

உடனே போன்.

“எதுக்குண்ணா உள்ள வந்தே?”

“சும்மாத்தான்.”

“சும்மா வந்து போக இது என்ன சத்திரமா? உன் ஆபீஸ் மேஜையை நான் குடைஞ்சா விடுவியா?”

“சரிம்மா, தப்புதான். மூடுறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு.”

“பூட்டுப் போட திருடன்கிட்ட யோசனை கேட்கிற அளவுக்கு நான் மண்டு இல்லை!”

அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போர்ட்டை மூடினாள், பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகுதான் சொன்னாள்.

“அம்மா, இனிமே ஈ காக்காகூட உள்ள நுழைய முடியாது.”

கீபோர்டில் அம்மாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன.

“கெட்டிக்காரிடி நீ” என்றாள். மறுபடி அடிக்கத் தொடங்கினாள்.

மூன்றாவது வாரம் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. அம்மா அதைப் பிரித்து, அப்படியே சின்னவளிடம் நீட்டினாள்.

“நீயே படிச்சுச் சொல்லும்மா.”

‘பக்கத்துக்குப் பத்துப் பிழை. மருந்தின் பெயரே மாறியிருக்கிறது. இனி உங்களுக்கு வேலை அனுப்ப இயலாது.’

பதினெட்டு வருஷமாக ஒரு குறை கேட்காத கை! சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள்.

“நீதான் எதையோ கெடுத்து வெச்சிருக்கே. அம்மா ஃபைல் ஒண்ணு விடாம உன் கை பட்டிருக்கு. வார்த்தை வார்த்தையா மாத்தியிருக்கே. ஆதாரம் இருக்கு. இல்லேன்னு சொல்லு பார்ப்போம்!”



“மாத்தினேன்மா. தினமும் சாப்பாட்டு நேரத்துல உட்கார்ந்து மாத்தினேன். அம்மாவுக்குக் காது இருக்கு, விரல் இருக்கு. அடிச்சது சரியான்னு பார்க்கக் கண்ணுதான் இல்லை. பத்து மாசமா எழுத்தெல்லாம் கலங்கித்தான் தெரியுது. தெரிஞ்சா நீ படிப்பை விட்டுட்டு வேலைக்குக் கிளம்பிடுவேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க. நீ மூடின அன்னிக்குக்கூட, ‘எனக்கு நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சா, அவளை ஒண்ணும் சொல்லாதே’ன்னுதான் சொன்னாங்க.”