வெளிநாட்டுக் கல்

டி.வி.க்கு எதிரே ஒரு மீன்தொட்டி இருந்தது. அதில் நிறைசூலியான கப்பி மீன் ஒன்று, இந்தத் தடவையாவது குஞ்சுகளைப் பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தது. போன தடவை பெற்ற இருபதில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவை எங்கே போயின என்று தொட்டியில் யாரும் பேசுவதில்லை.

அந்தச் சமயத்தில் வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து துளைகள் நிறைந்த ஒரு கல்லை வரவழைத்து உள்ளே வைத்தார். அந்தத் துளைகளில் குஞ்சுகள் மட்டும்தான் நுழைய முடியும். கப்பி அதனருகே போய்ப் படுத்தது.

"அங்க போகாதே தங்கச்சி," என்றது பெரிய ஏஞ்சல் மீன். "அந்த ஊர்ல அணு உலை வெடிச்சதை நீயும்தானே டி.வி.யில பார்த்தே? கல்லெல்லாம் கதிர்வீச்சு. வாயும் வயிறுமா இருக்கிறவ நீ."

"நான் மூணு நாளா அதுமேலதான் கெடக்கேன்," என்றது நத்தை.

"உனக்கென்னப்பா, பிள்ளையா குட்டியா?"

வீட்டுக்காரருக்கும் பயம் வந்துவிட்டது. கதிர்வீச்சை அளக்கும் ஒரு மீட்டர் வாங்கி, கல்லை வெளியே எடுத்துச் சோதித்தார். முள் அசையவில்லை. கல்லைத் திரும்ப வைத்தார். கப்பி ஆசையோடு ஏஞ்சலைப் பார்த்தது.

"மீட்டரும் அங்க செஞ்சதுதான்," என்றது ஏஞ்சல்.

கப்பிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலை, தொட்டியின் மறுகோடிக்குப் போய், வெட்டவெளியில் இருபத்திரண்டு குஞ்சுகளைப் பெற்றது. ஏஞ்சல் கூடவே இருந்து பார்த்துக்கொண்டது.

மத்தியானம் கப்பி வெறும் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஏஞ்சல் கனத்த வயிற்றோடு மெல்ல நீந்தி வந்து ஆறுதல் சொன்னது.

"அழாதே தங்கச்சி. ஒண்ணுமேலயும் கதிர்வீச்சு படலை. அந்த மட்டுக்கும் நல்லது."