பதினான்காம் அறைக்குப் போகும் வழி

"மெல்லப் பேசுங்க தம்பி. இப்பதான் கண்ணயர்ந்தாங்க."

சரஸ்வதி தம் மேசைத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் நரைத்த தலையுடன் ஒரு மூதாட்டி, சுவர்ப்பக்கம் திரும்பி, ஒருக்களித்துப் படுத்திருந்தார். அந்தக் கேமரா படத்தை மட்டுமே அனுப்பும், ஒலியை எந்தத் திசையிலும் கடத்தாது என்பது கபிலனுக்குத் தெரியும். ஆயினும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். முதியோர் இல்லங்கள் நடத்தும் நிறுவனம். சரஸ்வதி அதன் நிர்வாகி. புக்கிட் மேரா இல்லத்தின் பதினான்காம் அறையில் அவருடைய தாயாரைச் சேர்த்திருப்பதும், அந்த அறையின் படம் அவர் மேசைக்கு வருவதும் கபிலனின் கோப்பில் பதிவாகியிருந்தன. படத்தைச் சுமந்து வரும் தனி வலையமைப்பைப் பராமரிப்பது கபிலன் வேலை பார்க்கும் நிறுவனம்.

"படம் இப்ப எப்படி வருதுக்கா?"

"ரெண்டு வாரமா ரொம்பத் தெளிவா வருது. கோப்பி குடிக்கிறீங்களா?"

"வேணாங்க்கா."

தெளிவாக வருவதுதான் சிக்கல். கபிலனின் நிறுவனத்துக் கண்ணாடி இழைகளில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் தரவு ஒன்றாகவே ஓடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒவ்வொரு புளோக்கிலும் ஐந்தாம் மாடியில் பதினான்காம் எண் வீடு இருப்பதைப்போல, இரு வாடிக்கையாளர்கள் ஒரே முகவரி எண்ணை வைத்துக்கொள்ளலாம். எந்தப் புளோக் என்பதைத் தரவுப் பொட்டலத்தின் மேல் ஒட்டிய சீட்டு சொல்லும். நடுவழிக் கருவிகள் சீட்டைப் பார்க்குமேயன்றி, உள்ளே இருப்பது யார், எவர் என்று பார்ப்பதில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன், பூன் லேயில் வேறொருவர் நடத்தும் முதியோர் இல்லத்துக்குக் கபிலன் இணைப்புக் கொடுத்தான். கருவிக்கான கட்டளை வரிகளைப் புதிதாக எழுதச் சோம்பி, சரஸ்வதியின் நிறுவனத்துக்கு எழுதியதையே நகலெடுத்துப் பெயர்களை மாற்றினான். ஒரே ஒரு வரியை மாற்ற மறந்தான். அன்றிலிருந்து பூன் லேக்குப் போகும் வழியும் சரஸ்வதியின் வலையமைப்புக்குள் வந்து சேர்ந்தது.

இரண்டு இல்லங்களிலும் கேமரா பொருத்தியவர் ஒருவரே, எண்களும் ஒன்றே. புக்கிட் மேரா பதினான்காம் அறைக்கான வழி மார்ச் மாதத்திலேயே வலையமைப்பின் வழிப் பட்டியலிலிருந்து மறைந்திருந்தது. காலியான அந்த இடத்தைப் பூன் லே நிரப்பிக்கொண்டது. புக்கிட் மேரா கேமரா பழுதாகியிருக்கும் என்று கபிலன் முடிவுகட்டினான். பத்து வாரம் திரை இருண்டிருந்தும் புகார் ஒன்றும் பதிவாகவில்லை.

அவன் கைப்பேசி அதிர்ந்தது. மேலாளர் ரெங்கசாமி.

"சைன் வாங்கிட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"மூணு மணிக்கு அந்த வரியை நான் எடுத்துடுவேன். அதுக்குள்ள வாங்கு. இது உனக்கு மூணாவது தப்பு. அவங்க கம்ப்ளெயின் பண்ணாங்கன்னா நீ டெஸ்க்கைக் காலி பண்ணவேண்டியதுதான் லா. அட்டைப்பெட்டி நான் ஸ்பான்சர்."

கபிலனுக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. ரயிலில் வரும்போது மன்னிப்பு வாசகங்களைப் பத்துமுறை சொல்லிப் பார்த்திருந்தான். ஐந்தாம் முறைக்குப் பிறகு அவற்றுக்குப் பொருள் இருப்பதாகத் தோன்றவில்லை.

"அக்கா, மூணு மணிக்கு இந்தப் படம் நின்னுடும்."

சரஸ்வதி முதல்முறையாக அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணரை ஆக்க முடியாதா? மூணேகாலுக்கு மைலோ கலந்து கொண்டு வருவாங்க. அதுக்குத்தான் இந்தப் பக்கம் திரும்புவாங்க. தினமும் முகம் பார்க்கிறது அப்ப மட்டும்தான்."

"முடியாதுக்கா. அடுத்தவங்க ரூமை நாம பார்க்கக்கூடாது." கையொப்பம் வாங்க வேண்டிய தாளை மேசைமேல் வைத்தான். "இது உங்க அம்மா இல்ல. பூன் லேயில வேற யாரோ. தப்பு என்னோடது. சாரிக்கா."

சரஸ்வதி திட்டவில்லை, அழவுமில்லை. தாளை முழுவதும் படித்தார். 'புகார் இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையொப்பமிட்டார். நேரத்தையும் எழுதினார்: 2.56.

அதிர்ச்சியில் இப்படித்தான் இருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டான் கபிலன். வேலை பிழைத்தது என்ற நிம்மதியும் எழவில்லை. மனப்பாடம் செய்ததில் கடைசி வாசகம் மிச்சமிருந்தது. அதையும் சொன்னான்.

"கவலைப்படாதீங்கக்கா. புக்கிட் மேரா கேமராவையும் இன்னைக்கே சரி பண்ணிடறோம். சாயங்காலத்துக்குள்ள உங்க அம்மாவைப் பழையபடி பார்க்கலாம்."

திரையில் போர்வை இலேசாக அசைந்து அடங்கியது. சரஸ்வதி பேனாவை மூடி வைத்தார்.

"அம்மா மார்ச்சுலயே தவறிட்டாங்க, தம்பி."