விரல் எடுக்காமல்

சோப்பு விளம்பரத்துக்குக் குழந்தைக் குரல் கிடைக்கவில்லை. செல்வின் தன் மனைவி ஜெசிந்தாவை "அம்மா" என்று சொல்லச் சொல்லி அதைக் கீபோர்டில் பதிந்துகொண்டான். கட்டைகளில் மேலே போகப் போக அவள் குரலுக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. கடைசிக் கட்டையில் இரண்டு வயது இருக்கும். விரலை எடுக்கும்வரை அது திரும்பத் திரும்பக் கூப்பிட்டது.

அந்த வீட்டில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் அடுப்படியிலிருந்து வந்து நின்றுவிட்டாள்.

"விரலை எடுத்துராதீங்க."

விளம்பரக் கம்பெனியிலிருந்து போன் விடாமல் அடித்தது. அவன் எடுக்கவில்லை. அவன் மறு கையால் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கை வலிக்குதா? இங்க குடுங்க."