எடைக்குப் போன இன்ஜினியர்

"உங்கப்பாரு உன் சாமானையெல்லாம் பழைய பேப்பர்க்காரன்கிட்டத் தூக்கிக் குடுத்துட்டாருய்யா!"

ஆமத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி முனியராஜ் வீட்டு வாசலில் கால் வைப்பதற்குள் அம்மா மாடத்தி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். பாவம், அவன் தோள்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"எதையெல்லாம்மா?"

"எதை விட்டாரு? பரண்ல இருந்த மட்டை, கேரம் போர்டு, பள்ளிக்கூடத்து நோட்டு, அம்புட்டும் போச்சு. பங்குனிப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும், குப்பையை ஒழிக்கேன்னு ஒரே மூட்டையாக் கட்டி ஏத்திவிட்டுட்டாரு. நான் பட்டாசுக் கம்பெனியில இருந்து வர்றதுக்குள்ள சோலி முடிஞ்சுபோச்சு."

"என் லேபிள் ஆல்பம்?"

"அதுவுந்தான்."

முனியராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிச் சேர்த்த பட்டாசுப் பெட்டி லேபிள்கள். மயில், குதிரை, மூக்குத்திக்காரி என்று அறுநூறுக்கு மேல் இருக்கும். அவன் அப்பா ஊர்க்காவலன் திருத்தங்கல் பிரஸ் ஒன்றில் மெஷின் ஓட்டுகிறவர். பாதி லேபிள்கள் அவர் கையால் அச்சடித்து, அவரே மகனுக்குக் கொண்டுவந்து கொடுத்தவை. அந்த மனுஷனுக்கா இப்படிப் புத்தி போகவேண்டும்?

அந்த மனுஷன் உள்ளே உட்கார்ந்து வெங்காயத்தைக் கடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டீகளா?"

"எடத்தை அடைச்சுக்கிட்டுல்ல கெடந்துச்சு."

"நாங்கூடத்தான் இருபத்திரண்டு வருசமா எடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கேன். என்னையும் எடைக்குப் போட்டிருக்க வேண்டியதுதான?"

"யோசிச்சேன்லே. பேப்பர்க்காரன் வாங்க மாட்டான்."

மாடத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "ஆல்பம் போனாப் போகுதுய்யா. உன் சர்ட்டிபிகேட் வச்ச நீலப் பைலையும் சேத்துல்ல போட்டுட்டாரு இந்த மனுசன்!"

முனியராஜுக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றேவிட்டது.

அந்தப் பைலில் இருந்தவை இன்ஜினியரிங் எட்டு செமஸ்டர் மார்க் ஷீட்டுகள். அவற்றில் பதினோரு பேப்பர் அரியர். ஆனால் ஊருக்கும் அம்மாவுக்கும் அவன் சொல்லியிருந்தது, முதல் வகுப்பில் பாஸ் என்று. சென்னையில் வேலை தேடித் தங்கியிருக்கும் ரூமில் வைத்திருந்தால் கூட இருக்கிறவன்கள் பார்த்துச் சிரிப்பான்கள். அம்மாவுக்கோ இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் பைலைப் பரணில் போட்டிருந்தான்.

"எப்பம்மா போட்டாரு?"

"செவ்வாக்கெழமை. இந்நேரம் அச்சங்குளத்துல வெடிக்குக் குழாயா உருட்டி முடிச்சிருப்பாக."

நின்ற நெஞ்சு துள்ளிக் குதித்தது. பதினோரு அரியரும் வெடியாகிவிட்டதா! அப்பாவைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடுத்தால்கூடத் தகும். ஆனால் லட்டு மாதிரி வந்த சந்தர்ப்பத்தை விடுவானா? குரலை இன்னும் இரண்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி உயர்த்தினான்.

"போச்சு, என் வாழ்க்கையே போச்சு! அடுத்த வாரம் பெரிய கம்பெனியில இன்டர்வியூ. ஒரிஜினலைக் கேட்டா எதைக் காட்டுவேன்? இனிமே எனக்கு வேலை கெடைக்கலைன்னா யாரும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. எல்லாம் அப்பாவாலதான்!"

"கேட்டீகளா?" மாடத்தி புருஷன் பக்கம் திரும்பினாள். "வெடிமருந்துல கெடந்து வெந்து படிக்க வச்சேனே! பெத்த புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டீகளே! நீங்கள்லாம் ஒரு தகப்பனா?"

ஊர்க்காவலன் எழுந்தார். கையைக் கழுவினார். சட்டையை மாட்டினார்.

"ஏறுலே வண்டியில. பேப்பர்க்காரன்கிட்டக் கேட்டுப் பாப்போம்."

போகிற வழியெல்லாம் முனியராஜ் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து புலம்பினான். ஏற்கெனவே நன்றாக வந்துவிட்ட புலம்பல். நிறுத்த மனசு வரவில்லை. பெற்றவர்கள் பிள்ளைகளின் பொருளை மதிக்க வேண்டும் என்றான். கேட்காமல் தொடுவது நாகரிகமில்லை என்றான்.

கண்மாய்க்கரையில் வண்டி நின்றது. ஊர்க்காவலன் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்து எதையோ எடுத்து மகன் கையில் கொடுத்தார்.

நீலப் பைல்.

முனியராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"போன வாரம் உங்கம்மா இதைப் பரண்ல இருந்து எடுத்துட்டா" என்றார் ஊர்க்காவலன். "லேமினேட் பண்ணி, பொங்கலுக்கு வர்ற சொந்தக்காரக கண்ணுல படுற மாதிரி வாசலுக்கு நேரா மாட்டணுமாம். வர்றவகள்ல பாண்டிலட்சுமி டீச்சரும் உண்டு. அவ வாசிச்சா என்னலே ஆகும்?"

"அப்பா, அது வந்து..."

"மெஷின்மேனுக்கு எழுத்துத் தெரியாதுன்னு நெனைச்சுட்டியோ? பதினொண்ணு. ரெண்டு தடவை எண்ணுனேன்."

முனியராஜ் பைலைப் பிரிக்கவில்லை.

"இதை மட்டும் ஒளிச்சா வீட்டையே பேத்துத் தேடுவா. அதான் எல்லாத்தையும் ஏத்திவிட்டுட்டு, இதுவும் சேந்து போச்சுன்னுட்டேன். உன் ஆல்பத்தைத் தூக்கிப் போடும்போதுதான்லே கை கொஞ்சம் தயங்குச்சு."

அவர் வண்டியை வீட்டுப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்.

"மிச்சத்தை எழுதிப் பாஸாகு. பாஸாயிட்டு நீயே அவ கையில கொண்டாந்து குடு. அதுவரைக்கும் புள்ள பொழப்பைக் கெடுத்த தகப்பனா நானே இருந்துக்கிடுதேன்."