கேலரி மேளம்

எதிரணிக்காரனின் முழங்காலில் பாய்ந்த உள்ளூர் ஆட்டக்காரனை நடுவரின் விசில் ஒரே ஊதலில் வெளியே அனுப்பியது. மிச்சப் பத்துப் பேரோடு ஆடி உள்ளூர் அணி தோற்றது.

கேலரியிலிருந்த மேளத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தொட்டாலே ஊதுறியே, இது ஃபுட்பாலா, பல்லாங்குழியா? எட்வின் ஆடுன காலத்துல யாராவது இப்படி ஊதுனாங்களா?"

விசிலுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோட்டோரம் படுத்திருந்த ஸ்ட்ரெச்சரிடம், "நான் ஊதினது தப்பாண்ணே?" என்று கேட்டது.

"எனக்கு ஆட்டம் தெரியாதுப்பா. எட்வினோட கடைசி ஆட்டத்துல அவரைத் தூக்கிட்டுப் போனது மட்டும்தான் தெரியும். அன்னிக்கு யாரும் விசில் ஊதல."

மேளம் ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள், அதுவரை அதை அடித்துக்கொண்டிருந்த எட்வின் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்துப் படியிறங்கினார். ஒவ்வொரு படியிலும் மேளம் அவர் இடுப்பில் இடித்துக்கொண்டே போனது.